நிலுவை

கொம்தார், மூன்றாம் மாடி, ஏழாம் கவுண்டர்.
பதினாறு ஆண்டுகளாய் முத்திரை குத்துகிறேன்.
தைப்பூசம் கழிந்த மறுவாரம்
சிவப்பு மை வெளுத்துவிட்டதென்று
ஸ்டோருக்குப் போன் செய்தேன்.
புதுப் புட்டி வந்தது. அதுவும் வெளுப்பு.
தற்செயலாய் வலக்கண்ணைப் பொத்தியபோதுதான் தெரிந்தது,
வெளுத்தது மையல்ல.

பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல்வரை
நூற்றெண்பது அடி.
வெயில் ஏற ஏற என் இடது கால்
யாரோ பெற்ற பிள்ளை,
கூப்பிட்டால் திரும்பாது.
ஏர்கோனில் கால்மணி நேரம் உட்கார்ந்தால்
ஒன்றும் நடக்காததுபோல் வந்து ஒட்டிக்கொள்ளும்.
நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறாள் நோர்ஹயாத்தி.
சில நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கூ
படத்தைத் திரையில் ஏற்றினார்.
மூளைக்குள் பதினொரு வெள்ளைப் புள்ளிகள்,
கழுவாத தட்டில் காய்ந்த பருக்கைகள்.
நரம்பைச் சுற்றிய கொழுப்புறை
அங்கங்கே உரிந்திருக்கிறதாம். அதன் பேர் மையலின்.
எனக்கு மயிலின் என்றே காதில் விழுந்தது.
மயிலின் எது என்று
வாக்கியம் முடியக் காத்திருந்தேன்.

மறுபடி வளராதா?
வளரும், என்றார்.
வளர்க்கிற செல்கள் உள்ளேயே இருக்கின்றன.
காயத்தண்டை வந்தும் சேர்ந்துவிட்டன.
வந்து, நிற்கின்றன.

ஏன் நிற்கின்றன என்று நான் கேட்கவில்லை.
அந்தக் கேள்வியைத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
தினம் நூறு பேர் என்னிடம் கேட்கிறார்கள்.

உத்தரவு வரவில்லையாக்கும், என்றேன்.
சிரித்தார்.
உத்தரவு ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறதாம்,
அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி,
நீண்ட நூலாய், புரத உருண்டைகளில் சுற்றி.
இறுகச் சுற்றிய இடத்தை வாசிக்க முடியாது.
இளகிய இடத்தை வாசிக்கலாம்.
உறை நெய்யும் பக்கம் திறக்க வேண்டுமானால்
'இன்னும் பொறு' என்கிற பக்கங்களை
முதலில் இறுக்கி மூட வேண்டும்.
இளமையில் செல் அதைச் சட்டென்று மூடிவிடும்.
வயதானால் மூட மறக்கிறது.
எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

மலாயில் அவர் சொல்லச் சொல்ல
மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டு வந்தவள்
அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.
மூட மறக்கிறது.
எனக்கு நாற்பத்து மூன்று.

பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில்
காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.
வைரக்கண்ணு நினைவுக்கு வந்தார்.
ஆயர் ஈத்தாமில் எழுநூறு சதுர அடி,
பெயர் மாற்றத்துக்கு நான்கு வருஷமாய் வருகிறார்.
ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.
அனுமதிக் கடிதத்தை எத்தனை முறை
எடுத்துப் பார்த்திருப்பேன்!
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் கோப்பைக் கடைசித் தாளிலிருந்து புரட்டினேன்.
பழுத்த ஒரு தாள், குண்டூசித் துருவோடு:
'அடுத்த அறிவிப்புவரை நிறுத்தி வைக்கவும்.'
யார் எழுதியதோ, ஓய்வுபெற்றுப் போயிருப்பார்.
திறக்கச் சொன்னவர்கள் மூன்று பேர்.
இதை மூடச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்தான்.
தேடுகிறார்கள், என்றார்.
புதிதாய் வளர்ந்தாலும் உறை
பழையதைவிட மெலிசாகத்தான் இருக்குமாம்.
செய்தி போகும், அது போதும் என்றார்.
போதுமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி
அந்தத் துருத்தாளின் மேல் 'ரத்து' குத்தினேன்.
கொஞ்சம் கோணல்.
ஒரு கண்ணுக்குக் காவி,
ஒரு கண்ணுக்கு நல்ல சிவப்பு.

அடுத்த எண்ணை அழைத்தேன்.