நேர்ப்பாதை இல்லை

இந்த ஊருக்கு இரண்டு பெயர்.
ஜெர்மன்காரருக்கு பீல், பிரெஞ்சுக்காரருக்கு பியென்.
நடுவில் ஓடும் ஆற்றுக்கும் இரண்டு.
தெருப்பலகைகள் எல்லாம் எதையும் இருமுறை சொல்லும்.
நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
பதினெட்டுப் பாகைக் குளிரில் நிற்கும்
என் சர்வருக்கு மட்டும் பெயரில்லை,
எண்தான்.

"மக்களின் கடிதங்கள் இக்கட்டடத்தை விட்டு வெளியேறலாகாது."
சோலாஞ்ச் வூமார் கையெழுத்திட்ட தாள் கதவில்.
ஆகவே யாருடைய மேகத்திலும் அல்ல,
எங்கள் இரும்பிலேயே
மொழிபெயர்ப்பு மென்பொருளை நிறுவுகிறேன்.

பிரெஞ்சு இறங்கியது. பிழையில்லை.
இத்தாலியம், போர்த்துக்கேயம், பிழையில்லை.
அல்பேனியம் ஒருமுறை மயங்கி விழுந்தது,
நினைவகம் கூட்டிக் கொடுத்தேன், எழுந்தது.
தமிழ் கடைசியாக வந்தது.
மற்றவற்றின் பக்கத்தில் சின்னஞ்சிறு கோப்பு,
கைப்பையோடு மட்டும் வந்து இறங்கியவர் போல.

ஜெர்மனிலிருந்து தமிழுக்கு நேர்ப்பாதை இல்லையாம்.
ஆங்கிலத்தில் இறங்கி ஏறவேண்டும்.
சரிதான்.
நானும் நேராக வரவில்லை.
மாஸ்கோ, கீவ், பிறகு ஒரு லொறியின் அடிவயிறு.
ஏழு வயதில் எனக்கிருந்த ஒரே கட்டளை:
இருமாதே.

இறங்கி ஏறும் இடத்தில்தான் சாமான் தொலையும்.
ஜெர்மன் மரியாதையோடு ஏற்றி அனுப்பிய "தாங்கள்"
எல்லாரும் ஒரே வகுப்பில் பயணிக்கும் ஆங்கிலத்தில்
எங்கோ கழன்று விழுந்து,
தமிழில் வந்து இறங்கியது வெறும் "நீ".
"நீ இருபத்தெட்டாம் தேதிக்குள் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு வா."
அறுபத்தாறு வயது மனிதருக்கு,
முத்திரை குத்திய தாளில்.

இரவு பதினொன்றரைக்கு ஒரு விதி எழுதினேன்.
நீ வந்தால் நீங்கள் ஆக்கு.
உன் வந்தால் உங்கள் ஆக்கு.
இரண்டே வரி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
சோதித்துப் பார்க்க ஒரு கட்டணச்சீட்டைக் கொடுத்தேன்.

கழிவுநீங்கள்ர்க் கட்டணம், என்றது.
செலுத்தத் தவறினால் நீங்கள்திமன்றம், என்றது.
உங்கள்னிப்பாகப் படிக்கவும், என்றது.

கீழ்த்தளத்தில் தனியே சிரித்தால்
குளிர்விசிறிகளுக்கு மட்டும் கேட்கும்.
சாக்கடைக்கும் மரியாதை கொடுத்த
முதல் நகராட்சி எங்களுடையதாக இருக்கும்.
சொல்லின் இரு கரையிலும் வெற்றிடம் இருக்கிறதா,
பார்த்த பிறகு கை வை என்று திருத்தினேன்.
நீரும் நீதியும் மீண்டன.
வினைமுற்றுகள் மசியவில்லை,
"நீங்கள் வருவாய்" என்று நின்றன.
அவற்றுக்கு இன்னோர் இரவு.

ஒரு மணிக்குக் கலைச்சொல் கோப்பைத் திறந்தேன்.
எஃப் அனுமதி அட்டையில் உள்ள அந்தச் சொல்:
ஜெர்மனில் ஆளை ஏற்பதற்கும்
குரலைப் பதிவதற்கும் ஒரே வினை.
மென்பொருள் தந்தது:
"தற்காலிகமாக ஒலிப்பதிவு செய்யப்பட்டவர்."

பிழைதான்.
அழிக்கும் விசையில் விரல் வைத்து
அப்படியே இருந்தேன்.
பேட்டி அறையில் அம்மா சொன்னதையெல்லாம்
முதல் நாளே பதிந்துகொண்டார்கள்.
லொறியின் நிறம்கூடக் கேட்டார்கள்.
அம்மாவை ஏற்க
பதினொரு ஆண்டு.

நாற்பத்தோராவது வரி:
தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்.
சேமி. மறுதொடக்கம்.
பச்சை விளக்கு எரிந்தது. வெளியே மழை,
கடைசிப் பேருந்து எப்போதோ போயிருந்தது.

வாக்கியங்களைச் சேமிக்காதே என்று நானே அமைத்திருக்கிறேன்.
பதிவேட்டில் எண்கள் மட்டும்தான் தங்கும்.
காலையில் பார்த்தேன்:
ஏழு ஐம்பத்திரண்டு, ஜெர்மன், தமிழ்,
நானூற்றுப் பன்னிரண்டு எழுத்து,
ஒன்றேகால் நொடி.
மேலே யாரோ ஒருவர்
எதையோ படித்திருக்கிறார்.
நீங்கள் என்றுதான் தொடங்கியிருக்கும்.
எப்படி முடிந்தது என்று
எனக்குத் தெரியாது.