ஊதா

மூன்றாம் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம்.
கீழே பேட்டரிக் கடை, நடுவில் டியூஷன் சென்டர்.
ஜன்னலைத் திறந்தால்
எம்.சி. ரோட்டின் மைக் உள்ளே வரும்:
"மூணு நைட்டி ஐந்நூறு, மூணு நைட்டி ஐந்நூறு."
திறக்கக் கூடாது. செல்களுக்கு ஆகாது.

குந்திரிகப் பிசின் தண்ணீரில் கரையாது.
இடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து,
வடித்து, மறுபடி வடித்து
கடைசியில் மிஞ்சும் வெள்ளைப் பொடி
கட்டைவிரல் நகத்தில் அடங்கிவிடும்.
அதற்காகத்தான் தங்கசாலை நாட்டு மருந்துக் கடையில்
மாதம் அரைக் கிலோ வாங்குகிறேன்.
பில் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்:
"சாமிக்குப் போடறதுக்கு இன்னாத்துக்குமா பில்லு?"

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
எறும்புக்கு இட்லித்தட்டு என்பார் வாட்ச்மேன் ஏழுமலை.
குழிக்குப் பத்தாயிரம் புற்றுசெல்,
எந்த ஊரிலோ எப்போதோ
ஒருத்தியின் மார்பில் இருந்தவை.
அவள் போய்விட்டாள். இவை போகவில்லை.
தீனி மாற்ற ஒரு நாள் தவறினால்
சுருண்டு மேலே மிதக்கின்றன.

பொடியைக் கரைத்து விட்டபின்
நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
பிறகு மஞ்சள் சாயம்.
உயிருள்ள செல் அந்த மஞ்சளைத் தின்று ஊதா ஆக்கும்.
செத்தது எதையும் மாற்றாது.
மஞ்சளை மங்கலம் என்று பழகிய கண்தான் எனக்கும்.
இங்கே மஞ்சள் சாவு.
போன வியாழக்கிழமை
ஏழு வரிசை மஞ்சளைப் பார்த்து
ருக்சானா மேடம் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார்.
பக்கத்துத் தட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.
அதில் நல்ல செல்கள்.
கடைசி இரண்டு வரிசை அதிலும் மஞ்சள்.
"இதையும் எழுது டெய்சி."
எழுதினேன்.

சனிக்கிழமை கடையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா.
கையில் மீன் செதில் காய்ந்து மின்னியது.
"கல்லா குடுண்ணா, தூள் வேணாம்.
எங்க ஊட்டுக்காரருக்குக் கன்னத்துல புத்து."
கடைக்காரர் என்னைக் காட்டினார்:
"இந்தம்மாகூட கேன்சருக்குத்தான் வாங்கினு போவுது."

அவள் திரும்பிய வேகத்தில் பயந்துபோனேன்.
கேட்காமலே கொட்டினேன் எல்லாவற்றையும்.
தட்டு வேறு, உடம்பு வேறு என்றேன்.
எலிக்கே இன்னும் கொடுக்கவில்லை என்றேன்.
நல்ல செல்லும் சாகிறது,
இதைக் கொடுத்துவிட்டு
ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிடாதே,
கல்லீரல் என்னத்துக்கு ஆகுமோ என்றேன்.
பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும்வரை.

முழுக்கக் கேட்டாள்.
"துன்றதுக்கு இல்லம்மா.
ஊசி செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை போட்டுனுதான் கீறாரு.
புண்ணு வாடை.
ஒரே ரூம்பு.
புள்ளைங்க மூக்கப் புடிச்சினு
வாசல்லயே நின்னு
'நைனா, ஸ்கூலுக்குப் போய்ட்டு வரோம்'னு சொல்லிட்டு ஓடுதுங்க.
அது அவருக்குத் தெரியுது."

ஒரே டின்னுக்குள் கைவிட்டு
கடைக்காரர் அவளுக்கு ஐம்பது கிராம் போட்டார்,
எனக்கு அரைக் கிலோ.
அவளுடையதைத் தினத்தாளில் மடித்தார்.
காசிமேடு ஷேர் ஆட்டோவில்
பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.
பேர் கேட்க மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை புதுத் தட்டு.
போன தடவை பி வரிசை ஏழாம் குழி மட்டும்
சுற்றிலும் மஞ்சளுக்கு நடுவே ஊதாவாக நின்றது.
என் கை தவறா, அதன் பிடிவாதமா,
மேடத்துக்கும் தெரியவில்லை.
திரும்பப் போடச் சொன்னார்.

தராசின் கண்ணாடிக் கதவை நகர்த்தி
பொடியை வைத்தேன்.
இரண்டு மில்லிகிராம்.
பக்கத்தில் மூச்சு பட்டால் எண் ஆடும்.
வாசலில் நிற்பவளைப் போல
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.