நான்கின் வால்

காலை ஆறு மணி. கெஃப்ளாவிக்கில் விடிய
இன்னும் ஐந்து மணி நேரம்.
போதுமான அளவு தூங்கினேன் என்று கையெழுத்திட்டேன்.
படுத்திருந்தேன் என்பதுதான் உண்மை.
மூன்றரைக்கு எழவேண்டுமே என்ற நினைப்பு
ஒன்றரைக்கே எழுப்பிவிட்டது.

பின்னால் நூற்றெண்பது பேர்,
பனிக்கோட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு.
டிசம்பரில் இந்த நாட்டுக்காரர்களுக்கு
வெயில் ஒரு மருந்து.
அதை இருக்கும் இடத்துக்கே கொண்டுவிட்டு
அன்றே திரும்பும் வண்டிக்காரி நான்.

டெனரிஃப்.
நாற்பத்தோராவது தடவை. இதுவரை
அந்தக் கடலில் கால் நனைத்ததில்லை.
எனக்குத் தீவு என்றால்
தார்த்தளம், எண்ணெய்க் குழாய்,
கைகாட்டி அழைக்கும் மஞ்சள் மேல்சட்டைக்காரர்.
படிக்கட்டின் மேல்தட்டில் நின்று
முகத்தை மட்டும் வெளியே நீட்டினேன்.
மூன்று நிமிடம்.

சரக்கறைக் கதவு பூட்ட மறுத்தது.
பழுது பார்க்கிறவர் சாப்பிடப் போயிருந்தார்.
ஒன்றரை மணி நேரம் கழிந்தபின்
அலுவலகத்திலிருந்து தொலைபேசி:
"வேலை நேரத்தை நீட்டிக்கலாமா, கேப்டன்?
முடிவு முழுக்க முழுக்க உங்களுடையது."
பிறகு, நான் கேட்காமலே,
நூற்றெண்பது பேருக்கு ஓட்டல் அறை என்ன விலை
என்றும் சொன்னான்.

"எப்படியிருக்கிறாய்?" என்று ஓட்கெய்ரைக் கேட்டேன்.
"நன்றாகத்தான்."
இருபத்தாறு வயது.
பறக்கப் படித்த கடன், வீடு வாங்கும் கடனைவிடப் பெரிது.
அந்த "நன்றாகத்தா"னுக்குள்
கடனும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.
நானும் நன்றாகத்தான் என்றேன்.
பொய்க்குப் பொய் சாட்சி.

அயர்லாந்துக்கு மேற்கே, என் இடது தோளுக்குப் பின்னால்
சூரியன் விழுந்தது.
ஓட்கெய்ருக்கு இருபது நிமிடம் உறக்கம்.
விதி அனுமதிக்கிறது: ஒருவர் தூங்கலாம்,
ஒருவர் விழித்திருக்க வேண்டும்.
இருபது முடிந்ததும் வியேதிஸ் கூப்பிடுவாள்.

எரிபொருள் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.
ஆறு. புள்ளி. நான்கு.
நான்கின் கீழ்க்கோட்டை இழுக்கும்போது
என் மகனின் பள்ளி வாசல் தெரிந்தது.
அவன் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தோம்.
ஈரமான கம்பளி வாசனைகூட வந்தது.

மணி.
பிறகு வியேதிஸின் குரல், ரொம்ப மெதுவாக:
"இது நாலாவது தடவை, ஸ்டெய்னுன்."

காகிதத்தில் நான்கின் வால்
விளிம்பு வரை நீண்டு
மேசைத்தட்டிலும் கொஞ்சம் போயிருந்தது.
கடிகாரத்தில் பதினொரு நிமிடம் கூடியிருந்தது.
விமானம் கோடு பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.
அதுதான் என்னைப் பயமுறுத்தியது:
நாங்கள் இல்லாததை அது கவனிக்கவே இல்லை.

ஓட்கெய்ர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு
அந்தக் கோட்டைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
"காபி?" என்றான்.
மீதி வழியெல்லாம் பேசினோம்: அவன் நாய்,
என் அடுப்படிக் குழாய், யாருக்கும் பிடிக்காத ஒரு பயிற்சியாளர்.
பேச்சு நின்றால்
இருவருமே அவசரமாக ஒரு கேள்வியைத் தேடினோம்.

தரையிறங்கியபோது பின்னால் கைதட்டினார்கள்.

எரிமலைப் பாறைகளுக்கு நடுவே நாற்பது நிமிடச் சாலை.
போகவில்லை.
காரில் ஏறி, சாவியைத் திருகி,
அப்படியே இருந்திருக்கிறேன்.
கண்ணாடியைத் தட்டினார் பனி வாரும் வண்டிக்காரர்.
"உயிரோடு இருக்கிறீர்களா?"
"டெனரிஃப் போய்வந்தேன்."
விளக்கை முகத்தில் அடித்துப் பார்த்தார்.
"நிறமே மாறலையே!"
பிப்ரவரியில் மனைவியோடு அவர் போகிறாராம்.
எந்த விமானம் என்று கேட்டேன்.
சொன்னார். எங்களுடையதுதான்.

சட்டைப்பையில் அந்தக் காகிதம்.
களைப்பு அறிக்கையில்
"நடந்தது என்ன?" என்று ஒரு கட்டம் உண்டு,
இரண்டு வரிக்கு இடம்.
அவர் வண்டியின் ஆரஞ்சு விளக்கு சுற்றிச் சுற்றி
என் கைமேல் விழுந்து போய்க்கொண்டிருக்க,
பேனாவைத் திறந்தேன்.