நான்கெல்லை

திருவொற்றியூர் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
இருபத்தாறு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன்:
இது கல்யாண மண்டபம்,
இது கன்டெய்னர் யார்டு,
இது மருமகனுக்குத் தெரியாமல் மகளுக்கு.

அன்றைக்கு வந்த பதினொரு பேரை
எதிலும் சேர்க்க முடியவில்லை.
ஈரம் காயாத லுங்கி, நகக்கண்ணில் சாம்பல்.
எண்ணூர்க் கழிமுகத்தில் வலைவிடுகிறவர்கள்,
கையால் தடவி இறால் எடுக்கிறவர்கள்.
பணம் ஐஸ் பெட்டியில் இருந்தது.
டி.டி. எடுக்கணும் என்று பாங்குக்கு அனுப்பினேன்.
கேஷியர் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாராம்.

விற்பவர் நாகபூஷணம்.
கொசஸ்தலை ஆற்றங்கரை, ஒரு ஏக்கர் அறுபது சென்ட்.
ஆறு என்று பெயர்தான்.
மே மாதம் போய்ப் பார்த்தால் பாலைவனம்:
மணல், உப்பு, உடைந்த குழாயில் கசிந்த சாம்பல்,
குறுக்கே ஒரு நாய் நடந்த தடம்.
கார்த்திகையில் அதுவே
பங்காளி மாதிரி பாகம் கேட்டு வரும்.
ஒரு வருஷம் நாகபூஷணத்தின் மாடிப்படியில்
ஏழாவது படி வரை ஏறி நின்று கேட்டது.

அதற்காக அவர் மனசு மாறிவிட்டது என்று இல்லை.
யார்டுக்காரன் கொடுத்த அட்வான்ஸ் செக் திரும்பியிருந்தது.
இவர்களிடமும் கடைசி நேரத்தில்
இரண்டு லட்சம் ஏற்றினார்.
தேசப்பன் வெளியே போய்
ஜூஸ் கடை நிழலில் நின்று யாரிடமோ பேசி,
படகு எஞ்சினை அடகு வைத்துவிட்டு
உள்ளே வந்து, "எழுது சார்" என்றான்.

என்ன கட்டப்போறீங்க?
"ஒண்ணியும் இல்ல."
பயிரா?
"உப்புல என்னா பயிரு."
பின்ன எதுக்கு?
ஏகவல்லி என்று ஒருத்தி, அதுவரை பேசாதவள்:
"தண்ணிக்கு நிக்க எடம் வோணாமா சார்?
ஊர்ல எல்லாருக்கும் பாடு கீது.
ஆத்துக்கு ஒரு பாடு கெடையாதா?"

மாவடை மரவடை, திட்டு திடல், நிதி நிட்சேபம் உட்பட
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள...
தூக்கத்திலும் என் விரல் தட்டும் வரி.
அன்று "அனுபவித்து"க்குப் பிறகு
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

வடக்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்.
தெற்கே தனசேகர் வகையறா மனை.
மேற்கே வண்டிப்பாதை.
கிழக்கே ஆறு.
தாய்ப் பத்திரத்தில் அது நூற்றிருபது அடிக்கு அப்பால்.
அளக்கப் போன சர்வேயர்
பேன்ட்டை மடித்துவிட்டபடி திரும்பி வந்தார்:
"கல்லு உள்ள இருக்கு. ஆறும் உள்ள இருக்கு."

நான் எழுதினேன்:
கிழக்கே ஆறு, அது வரும் அளவுக்கு.
சார்பதிவாளர் அம்மா கண்ணாடியை இறக்கினார்.
"வரும் அளவுன்னா எத்தனை அடி?"
அடித்துவிட்டேன்.
கிழக்கே ஆறு.

ஏகவல்லியின் கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை.
முந்தானையில் துடைத்து வைத்தாள், சிவப்பு.
தலையில் தேய்த்து வைத்தாள், சிவப்பு.
சேற்றிலும் சிப்பியிலும் தடவித் தடவி
ரேகை எப்போதோ தண்ணீரோடு போயிருந்தது.
பின்னால் டோக்கன் நாற்பத்திரண்டு முணுமுணுத்தார்.
எட்டாவது தடவை, இடதுகை மோதிர விரலில்
பச்சை வந்தது.
வில்லங்கம்: இல்லை என்று அச்சாகி வந்த தாளை
அவள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை
வேலை ஒன்றும் இல்லாமலே பைக்கில் போனேன்.
எல்லைக்கல் தெரியவில்லை.
இடுப்பளவுத் தண்ணீரில்
பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு
யாரோ குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள்.
எதுவரை ஆறு, எதிலிருந்து நான் எழுதியது
என்று சொல்ல வரவில்லை.

வண்டியைத் திருப்ப மேடு தேடினேன்.
தெற்கே இருந்தது,
தனசேகர் வகையறா மனையில்.
மூன்று லாரி வரிசையாய் நின்று
மண் கொட்டிக்கொண்டிருந்தது.