போன இடம்

கோச்சி மறுபடி ஓடப்போகுது என்று
கொழும்பிலிருந்து கடதாசி வந்த கிழமை
ஒரு சைக்கிளும் நீலமட்டைப் பதிவேடும் தந்து
என்னை அனுப்பினார்கள்.
நாலு கலம்: பொருள், எண்ணிக்கை, இருக்குமிடம், குறிப்பு.
தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும்
போன இடம் எழுதி வா.

தேவபுரத்தில் சரளைக்கல் மட்டும் மிச்சம்.
நடுப்பாதையில் எருக்கலை முளைத்து
ஒரு கிடாய் மேய்ந்துகொண்டிருந்தது.
அதைக் கட்டியிருந்த முளை எங்கள் ஆணி.
எழுதினேன்: ஆணி, ஒன்று.
கிடாய்க்குக் கலம் இல்லை.

வந்தாறுமூலைப் பள்ளிக்கூடத்தில்
வேம்பில் தொங்கியது இரண்டடித் துண்டு.
அதிபர் அற்புதநாயகி ஒன்றும் பேசாமல்
கம்பியால் ஒருதரம் அடித்துக் காட்டினார்.
எண்பது இறாத்தல் ரகம்,
சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.
பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுக்
கதவு வரைக்கும் வந்துவிட்டார்கள்.
அன்றைக்குப் பத்தரைக்கே பள்ளிக்கூடம் விட்டது
என்னால்தான்.

முகாமில் தேத்தண்ணீர் தந்தார்கள்.
எண்ணக்கூடாது என்றார்கள்.
குடித்துக்கொண்டே கண்ணால் எண்ணினேன்:
மண்மூட்டைகளுக்கு மேல் நாற்பத்தாறு.
வாவிக்கு அங்காலே, படுவான்கரையில்,
மற்றவர்களின் பதுங்குகுழிகளுக்கும்
இதே கட்டைதான் என்றான் தோணி தள்ளுகிற பெடியன்.
ஒரே மரம், ஒரே தார்மணம்,
ஒன்றையொன்று குறிபார்த்த இரண்டு கூரைகள்.
இருக்குமிடம் என்ற கலத்தில்
இதை எப்படி எழுதுவது?

ஏறாவூரில் மீராலெவ்வையின் கடை வாங்கு
முழுசாக ஒரு சிலிப்பர்.
அதில் இருந்துகொண்டுதான் கேட்டேன், சிலிப்பர் எங்கே என்று.
அவர் சிரிக்கவில்லை.
"கோச்சி வரமுந்தி ஊரு வாவியப் பாத்துத்தான் இரிந்திச்சி தம்பி.
சந்தை, பள்ளிக்குப் போற வழி, எல்லாம் துறைப்பக்கம்.
கோச்சி வந்திச்சி, ஊரு கிறுகிச்சி.
வாவிக்கு முதுகு.
என்ட வாப்பா இராக்கோச்சிக்காகத்தான் கடைய
இங்கால தூக்கிட்டு வந்தவர்.
மறுகா கோச்சி நிண்டிச்சி.
ஊரு எந்தப் பக்கம் திரும்புறதெண்டு தெரியாம
நிண்ட இடத்திலயே நிண்டிச்சி."
வாங்கு, ஒன்று என்று எழுதி
அடித்துவிட்டேன்.
தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்தார்,
அதற்காக இல்லை.

இருநூற்றெட்டாம் மைலுக்குக் கிட்ட
பூரணம் வீட்டுக் கொல்லையில்
மூடாத பதுங்குகுழி, உள்ளே கோழிகள்.
நான் குனியமுந்தி அவவே சொன்னா:
"பதினொண்டு. எழுதுங்க.
இதுக்குள்ளதான் என்ட நடுவிலானப் பெத்தன்.
குண்டு விழக்கொள்ள மல்லாந்து கிடந்து
மேல பாத்து எண்ணிப் பழகினவன்.
ரெண்டு வருசமா அவனுக்குப்
பதினொண்டுக்கு மேல ஒரு எண்ணும் தெரியா."
இப்போது எங்கே என்றேன், பயந்துகொண்டு.
"கட்டார்ல. கணக்குப்புள்ள."
ஒரு கோழி கொக்கரித்தது.
குறிப்பு என்ற கலத்தில் எழுதினேன்: கறையான்.
கறையான் தின்ற கட்டையை அரசாங்கம் கேட்காது.
அந்தக் கட்டையில் கறையான்
பல்லைக்கூட வைத்திருக்கவில்லை.

மட்டக்களப்பு ஸ்டேசனில் கூட்டிப்பார்த்தபோது
மூன்றடி இரும்பு இடித்தது.
தெரியும் எனக்கு.
எங்கள் கிணற்றுக்குக் குறுக்கே
கப்பி தொங்குகிற துண்டு அது;
தொண்ணூற்றொன்றில் ஓர் இரவு
நானும் மச்சானும் தோளில் வைத்து
நாய்க்குப் பயந்து பயந்து கொண்டுவந்தது.

கொங்கிரீட் கட்டைகள் லொறியில் வந்தன.
பதிவேட்டை ஒருவரும் கேட்கவில்லை.
முதல் கோச்சி இரண்டேகால் மணித்தியாலம் பிந்தி வந்தது;
காத்திருந்த சனத்தில் பாதி
சோறாக்கப் போய்விட்டது.

இப்போது விடிய ஐந்தேமுக்காலுக்கு
முகம் கழுவ வாளியை இறக்குவேன்.
அந்த நேரம்தான் அது புறப்படும்.
மேலே இரும்பு மெல்லிசாக ஒருதரம் அதிரும்,
கப்பி முனகும்,
வாளித் தண்ணீரில் ஒரு வட்டம் விரியும்.
சுகந்தி அடுப்படியிலிருந்து கேட்பாள்:
"என்ன, யாரும் கூப்பிட்டதோ?"