கியூப் கணக்கு

ஐந்து பத்து பஸ்ஸில் எனக்கு எப்போதும்
இடப்பக்க ஜன்னல்.
கெங்கைப் பாலம் வருமுன் கண்ணை மூடிவிடுவேன்.
நித்திரை என்று கொண்டக்டர் நினைக்கிறான்.
கங்குவேலியில் ஏறிய எல்லோருமே
அந்த நேரம் நித்திரைதான்.
பாலம் தாண்டியதும் விழிப்போம்.

கீழே எங்கள் ஆண்கள்
இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள்.
கடைசியில் நிற்பவர் என்னுடையவர்.
சிவப்பு வாளி.

திருகோணமலையில் இறங்கி மாறி ஏற வேண்டும்.
பஸ் நிலையத்தில் மான்கள்
சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை மென்றபடி நிற்கும்.
காட்டை விட்டு ஏன் வந்தாய் என்று
அவற்றிடம் யாரும் கேட்பதில்லை.

நிலாவெளி ஹோட்டலில் எனக்குப் பதினொரு அறை.
அறைக்கு இருபத்தைந்து நிமிடம்.
துவாயை அன்னமாக மடிக்கப் பழக்கினார்கள்.
முதல் கிழமை என் அன்னங்கள் எல்லாம்
கொக்கு மாதிரி வந்தன.
நான் பார்த்தது கொக்கைத்தானே.

வயலை நினைத்து அழுகிறேன் என்று எண்ணாதீர்கள்.
பசளைக்கு நகை, நகைக்கு வட்டி,
கதிர் முற்றுகிற கிழமை பார்த்து யானை.
தகரம் தட்டித் தட்டி விடிந்த பெரும்போகங்கள்
இந்தத் தோளில் இன்னும் நோகின்றன.
இங்கே பத்தாம் திகதி என்றால் பத்தாம் திகதி.
என் சம்பளத்தை
இதுவரை எந்த யானையும் தின்றதில்லை.

ஆனால் இருபத்திரண்டாம் அறையில் இன்று
கட்டிலைத் தள்ளிக் கூட்டும்போது
சுவரில் பூச்சுப் பெயர்ந்திருந்தது, உள்ளங்கை அளவு.
அதற்குள் ஒரு மட்டி.
கடலைப் பார்க்கவென்று கட்டிய சுவருக்குள்
ஆற்று மட்டி!
சுண்டுவிரல் நகமளவு, கறுப்பு, ஓரத்தில் ஊதா.
எங்கள் வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தில்
இதுதான் காலைக் கிழிக்கும்.
நகத்தால் சுரண்டினேன்.
உதிர்ந்த மணலின் பருமன் எனக்குத் தெரியும்.
அவருடைய சாரத்தை உதறும்போது விழுவது.

எந்த மாதத்துக் கியூப் இது?
முந்தின பங்குனியாக இருக்குமோ?
அந்தப் பங்குனியில்தான்
மகளின் ரியூசன் காசுக்காக
"இன்னும் ரெண்டு லோட் ஏத்துங்கோவன்" என்றேன்.

மார்கழி வெள்ளத்தில் கரை இடிந்தது.
கரையோடு வரம்பு,
வரம்போடு பயிர் நின்ற அரை ஏக்கர்.
அள்ளிய கிடங்குக்குள்ளேயே போய் விழுந்தது.
கிராம சேவகர் போனில் படம் பிடித்து
இயற்கை அனர்த்தம் என்று படிவத்தில் எழுதினார்.
பேரின்பம் என்று இவர் கையெழுத்து வைத்தார்.
நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எங்கள் இரண்டு பேரையும் இயற்கையில் சேர்த்தால்
அவர் எழுதியது சரிதான்.

"வில்வராணி அக்கா, என்ன, சுவரோட கதையோ?"
சுப்பவைசர் பெடியன்.
காட்டினேன்.
மட்டியை அவன் காணவில்லை, ஓட்டையைத்தான் கண்டான்.
வந்தவர்கள் பார்த்தால் போனில் எழுதிப்போடுவார்களாம்.
மேசனுக்கு அழைத்தான்.
பின்னேரத்துக்குள் பூசிவிடுவார்கள்.
அதற்கும் மணல் வேண்டும்,
கால் வாளி.

இரவு சோறு போடும்போது இவர் கேட்டார்:
"இண்டைக்கு எத்தினை அறை?"
"பதினொண்டு. நீங்க?"
"ஏழு லோட்."
"எங்க போகுது?"
"உப்புவெளிப் பக்கம் புதுசா ஒண்டு கட்டுறாங்களாம்.
ஆளும் எடுப்பாங்களாம், ஐயாயிரம் கூட.
நீ எழுதிப் போடன்."

மட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.
அது இன்னும் என் உடுப்புப் பைக்குள்
பஸ் டிக்கற்றோடு கிடக்கிறது.

நாளைக்குப் பாலத்தில்
கண்ணைத் திறந்துதான் பார்ப்போமா என்று
படுத்துக்கொண்டு யோசித்தேன்.
சிவப்பு வாளியின் பிடி கழன்றுவிட்டதாம்.
வரும்போது
கம்பி வாங்கி வர வேண்டும்.