பதினொரு விநாடி

துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து கடிதம்.
வெள்ளிக்கிழமை அரங்குக்குப் பெயர் சூட்டுகிறார்கள்.
பேராசிரியர் ஃபெஸ்டோ பலிகோவாவின் ஒலிப்பதிவு ஒன்று வேண்டும்,
மூன்று நிமிடம், சுத்தமாக.
சுத்தமாக என்பதன் கீழே
ஒரு கோடு.

நான் ஒலிக்காப்பக ஊழியை.
பூஞ்சை துடைப்பேன், அறுந்த நாடாவை ஒட்டுவேன்,
கம்பாலாவில் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து
பழையதைப் புதியதற்கு மாற்றுவேன்.
அவரை நான் பார்த்ததில்லை.
இருமலைத் தெரியும்.
எல்லா நாடாவிலும் முதலில் அந்த இருமல்,
பிறகு தேதி, பிறகு ஊர்,
பிறகு வாசிப்பவர் அத்தனை பேரின் பெயரும்
தகப்பன் பெயரோடு, அவசரமே இல்லாமல்,
வாக்காளர் பட்டியல் படிப்பது போல.

வியன்னாவில் ஒரு கழகம் கொடுத்த தங்கப் பதக்கம்
இன்னும் இங்கேதான் கிடக்கிறது.
இருபத்து மூன்றாம் பெட்டியின் மூடி சரியாக உட்காராது,
அதன் மேல் பாரமாக வைத்திருந்தாராம்.
நாங்களும் எடுக்கவில்லை.
கௌரவ டாக்டர் அங்கிகள் இரண்டில்
ஒன்றைக் கறையான் தின்றது, மற்றது மருமகள் வீட்டில்.
இறந்த மறு வருஷம் தபால்தலையும் வந்தது:
கையில் குச்சிகளோடு சிரிக்கிறார், முன்னால் எம்பைரே.
வரைந்தவர் சின்னக் கட்டைகளை
இடப்பக்கம் போட்டுவிட்டார்.
அந்தத் தலையை ஒட்டி நானே
நாலு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

நாடா எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
நாவன்சாகா, அறுபத்தெட்டாம் வருஷம், மழை விட்ட மாலை.
குழி வெட்டி, விளிம்பில் வாழைத்தண்டு கிடத்தி,
அதன் மேல் இருபத்தொரு கட்டை.
இரு பக்கமுமாக ஆறு பேர்.
ஒருவர் தொடங்குகிறார்.
அவர் விட்ட சந்தில் இன்னொருவர்.
அந்தச் சந்தின் சந்தில் மூன்றாமவர்.
இனி ஊசி நுழையாது என்று நினைக்கும்போது
நாலாவது ஆள் உள்ளே வருகிறார்,
குழி அடிவயிற்றிலிருந்து உறுமுகிறது.

அப்போது அவர் கை தட்டுகிறார்.
லண்டனில் ஆறு வருஷம் படித்த கை,
காகிதத்தில் கோடு கிழித்து அளந்த கை.
தட்டுகிறார்,
திடமாக, தப்பாக.

பதினொரு விநாடி.
பிறகு ஒரு பெண் குரல்:
"படித்தவரே, உங்கள் கை எந்த ஊருக்குப் போகிறது?
நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்."
சிரிப்பு. குழந்தைகள், ஒரு நாய், ஆறு பேரில் நாலு பேர்.
குச்சிகள் மட்டும் நிற்கவில்லை.
அவரும் சிரிக்கிறார், இருமுகிறார்.
"சரி, ஒன்று எங்கே இருக்கிறது?"
"யாருடைய ஒன்று?" என்கிறாள்.

அட்டையில் பென்சில் எழுத்து:
என் தப்பு. வெட்ட வேண்டாம்.

அதற்கு முந்தைய வருஷம் அச்சான கட்டுரையின்
முப்பது பக்கமும் அந்தத் தப்பான ஒன்றிலிருந்து எண்ணியது.
மூன்று வருஷம் கழித்து அவரே அதை மறுத்து எழுதினார்,
முதல் வரியிலேயே பெயர் சொல்லி:
கிசம்பிராவின் மகள் நைகாகா, சிரித்தவள்.
வியன்னா பதக்கம் கொடுத்தது
முந்தைய கட்டுரைக்கு.
திருப்பி அனுப்பினார். சுங்கத்தில் எட்டு மாதம் தூங்கி
முகவரி சரியில்லை என்று வந்து சேர்ந்தது.

துணைப் பதிவாளர் இசபிரியே தொலைபேசியில் கேட்டார்:
"அந்தப் பதினொரு விநாடியை மட்டும் எடுத்துவிடலாமே?"
கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது என்றேன்.
இப்போதெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டுவதில்லை என்று
அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை. அமைச்சர், ரிப்பன், பித்தளைத் தகடு.
நாடாவில் பேராசிரியர் கை தட்டியதும்
முன் வரிசை மரியாதையாகச் சேர்ந்து தட்டியது,
டை கட்டியவர்கள், இரண்டு தூதர்கள்,
அவர் தட்டிய அதே இடத்தில்,
மயிரிழை பிசகாமல்.

பின் வரிசையில்
நாவன்சாகாவிலிருந்து வாடகை வேனில் வந்த ஒன்பது பேர்.
அதில் ஒரு தோள் குலுங்கத் தொடங்கியது.

நாடாவுக்குள் அவள் சிரிக்க
இன்னும் நாலு விநாடி இருந்தது.